இழுக்குறது இருக்கட்டும், நிக்குமா?

போன இதழ்ல பழைய பிக்கப்புக்கு டீசல் இன்ஜின் மாத்துறத பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன். அதுக்கப்புறம் வந்த கேள்வி எல்லாமே அத பத்திதான், வேற எதுவுமே இல்ல. சரி, இந்த தடவ முழுசா அதுவே.

அண்ணே, என்கிட்ட எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் (வி8) போட்ட பழைய பிக்கப் இருக்கு. ரெண்டரை டன் ட்ரெய்லர மாட்டினா மேட்டுல ரெண்டாவது கியர்ல கத்திக்கிட்டே ஏறுது, பெட்ரோலயும் தண்ணியா குடிக்குது. டீசல் போட்டா சரியாகுமா? எந்த இன்ஜின் போடலாம்?

மேடு ஏறுற பிரச்சினை கண்டிப்பா சரியாகும் தம்பி. 1989ல டாட்ஜ் ராம்ல வர ஆரம்பிச்ச கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினோட பவர் வெறும் 160 குதிரைதான், பெட்ரோல்காரங்க கேட்டா சிரிப்பாங்க. ஆனா 1700 ஆர்பிஎம் பக்கத்துலயே 540 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுத்துற முறுக்கு பலம், குடுக்கும், உங்க வி8 கத்த ஆரம்பிக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே இது வேலைய முடிச்சிட்டு அமைதியா உக்காந்திருக்கும். இழுவைக்கு வேணுங்குறது அதுதான்.

இன்ஜின் மாத்துறவங்க இந்த கம்மின்ஸ தேடி அலையுறதுக்கு காரணம் பலம் மட்டும் இல்ல, கம்ப்யூட்டர் இல்லாததுதான். இன்ஜெக்டருக்கு டீசல் தள்ளுறதுக்கு 1993 வரைக்கும் வந்ததுல பாஷ் வி.இ. ரோட்டரி பம்ப், 1994ல இருந்து 1998 வரைக்கும் பி7100ன்னு வரிசையா ப்ளஞ்சர் வச்ச பெரிய பம்ப், ரெண்டுமே மெக்கானிக்கல். டீசல் வந்தா போதும், ஓடும். இதெல்லாம் 12 வால்வு இன்ஜின். 98 நடுவுல 24 வால்வு வந்துச்சு, அதோட எலக்ட்ரானிக் பம்பும் ஒயரிங்கும் சேர்ந்து வந்துச்சு. அதையும் மாத்தலாம்தான், ஆனா ஒயர் பிடிக்கவே உங்க பாதி ஆயுசு போயிடும். ஃபோர்டோட 7.3 பவர் ஸ்ட்ரோக்கும் அதே கததான், அதுல இன்ஜெக்டர தள்ளுறதே இன்ஜின் ஆயிலோட ப்ரஷர், அத கன்ட்ரோல் பண்ண கம்ப்யூட்டர் வேணும். அதுக்கு முந்தின 6.9, 7.3 ஐடிஐ இன்ஜின்கள் எளிமையானது, ஆனா கம்பெனியில இருந்து வரும்போது பெரும்பாலும் டர்போ இல்லாமதான் வந்துச்சு, அதுகிட்ட கம்மின்ஸ் இழுவைய எதிர்பாக்காதீங்க.

இப்போ சங்கடமான விஷயம். உங்க சின்ன பிளாக் வி8 சுமாரா 260 கிலோ, ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் 500 கிலோ. வண்டி மூக்குல 240 கிலோ கூடுது, மூணு ஆள பானெட் மேல நிரந்தரமா உக்கார வச்சா மாதிரி. முன்னாடி ஸ்ப்ரிங், ஆக்சில், ஸ்டீயரிங் பாக்ஸ், பிரேக் எல்லாமே கனரக மாடலோடதா மாறணும். அதனாலதான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றேன், இன்ஜின தனியா வாங்காதீங்க, அதே இன்ஜினோட வந்த அடிபட்ட வண்டி ஒண்ணு முழுசா கிடைச்சா அத வாங்குங்க. மவுண்டிங், ரேடியேட்டர், இன்டர்கூலர், கியர்பாக்ஸ், பிரேக் பூஸ்டர், பைப்பு, பிராக்கெட்டுன்னு அதுல இருந்து கழட்டுற ஒவ்வொரு சின்ன சாமானும் பின்னாடி உங்கள ஒரு வாரம் அலையாம காப்பாத்தும்.

இன்னொண்ணு, உங்க இடத்துல எரிபொருள் மாத்தின வண்டிய பதிவு பண்ண விடுவாங்களா, புகை டெஸ்ட் எப்படின்னு போல்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் கேட்டுட்டு வண்டிய ஷெட்டுல மூடி வச்சவங்கள எனக்கு தெரியும். எண்ணெய் மிச்சம் ஆகும்னு மட்டும் இதுல இறங்காதீங்க, போட்ட காசு அதுல திரும்பி வர வருஷக்கணக்கு ஆகும்.

கம்மின்ஸோட நாலு சிலிண்டர் 4பிடி இன்ஜின் போட்டா எடை பிரச்சினை இல்லையே?

எடை கம்மிதான், 350 கிலோவ ஒட்டி வரும், நீளமும் கம்மி, வேன்ல இருந்து கழட்டினது நிறைய கிடைக்கும். ஆனா 3.9 லிட்டர்ல 105 குதிரைதான், அதோட அந்த ஆட்டம் இருக்கே! பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத பெரிய நாலு சிலிண்டர், ஐடில்ல நின்னா கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி ரெண்டா தெரியும். நல்ல ரப்பர் மவுண்டிங் போட்டா கொஞ்சம் அடங்கும். ஒண்ணரை டன்னுக்குள்ள இழுக்குறவங்களுக்கு சரி, ரெண்டரை டன்ன மாட்டிக்கிட்டு மல ஏறுறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழைய கியர்பாக்ஸயே வச்சுக்கலாமா சார்? வேற இன்ஜினோட சேத்து மாட்டுற அடாப்டர் பிளேட் கிடைக்குதுன்னு சொல்றாங்க.

பிளேட் கிடைக்கும், பொருந்தவும் பொருந்தும். பெட்ரோல் இன்ஜினுக்குன்னு செஞ்ச கியர்பாக்ஸ் அந்த டார்க்க தாங்குமாங்குறதுதான் கேள்வி. சும்மா ஓட்டும்போது தாங்கிடும், ட்ரெய்லரோட மேட்டுல ஆக்சிலரேட்டர அமுக்கும்போதுதான் பல்லு உதிரும். கிளட்ச்சும் அந்த டார்க்குக்கு ஏத்ததா இருக்கணும். அடாப்டர் போடும்போது கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டும் கிராங்க்கும் ஒரே சென்டர்ல நிக்குதான்னு டயல் கேஜ் வச்சு பாக்காம மூடாதீங்க, முடி அளவு தள்ளி நின்னாலும் இன்புட் ஷாஃப்ட் நுனிய தாங்குற பைலட் பேரிங்க தின்னுடும்.

இதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, யாரும் கேக்கவே மாட்டாங்க: கிரவுன் பினியன், பின் ஆக்சில்ல இருக்குற கடைசி கியர் ஜோடி. பெட்ரோல் இன்ஜின் 4500 வரைக்கும் சுத்தும், அதனால பழைய வண்டியில 4.10 மாதிரி ரேஷியோ போட்டிருப்பாங்க, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 சுத்து சுத்தணும். இந்த டீசல் 2500 தாண்டினா வேகத்துக்கு கடிவாளம் போடுற கவர்னர் டீசல குறைச்சு கைய கட்டிடும். 31 இன்ச் டயர்னு வச்சு கணக்கு போடுங்க, 100 கிலோமீட்டர் வேகத்துல சக்கரம் நிமிஷத்துக்கு சுமாரா 675 சுத்து. 4.10ல பெருக்கினா இன்ஜின் 2760ல ஓடணும், அது ஓடாது, அந்த வேகத்த நீங்க பாக்கவே மாட்டீங்க. 3.54 போட்டா 2390, அப்பவும் சத்தம் காத பிளக்கும். 0.75 ஓவர்டிரைவ், அதாவது இன்ஜின் சுத்த முக்காவாசியா குறைக்கிற மேல் கியர், இருக்குற கியர்பாக்ஸ் இருந்தா அதே 4.10லயே 2070 வரும், மனுஷன் பேசுறது காதுல விழும். அதனால ஓவர்டிரைவ் இல்லாத பழைய நாலு கியர் பாக்ஸ வச்சுக்கிட்டு ஹைவேயில இழுக்கணும்னா, மொதல்ல பேப்பர்ல இந்த கணக்க போட்டுட்டு அப்புறம் முடிவெடுங்க.

டீசல் மாத்தினதுக்கு அப்புறம் பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு. மாஸ்டர் சிலிண்டர் புதுசு போட்டும் அப்படியே இருக்கு. ஏன்?

மாஸ்டர் சிலிண்டர் பாவம், அது ஒரு தப்பும் பண்ணல. பெட்ரோல் இன்ஜின்ல காத்து போற வழிய அடைக்கிற த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டுல வேக்குவம் உண்டாகும், பூஸ்டர் அத வச்சுத்தான் உங்க காலுக்கு கை குடுத்துச்சு. டீசல்ல த்ராட்டிலே கிடையாது, காத்து தாராளமா உள்ள போகுது, அப்போ வேக்குவம் எங்க இருந்து வரும்? ஒண்ணு தனியா வேக்குவம் பம்ப் போடணும், இல்லன்னா பவர் ஸ்டீயரிங் பம்ப் ப்ரஷர்ல வேல செய்யுற ஹைட்ரோபூஸ்ட் போடணும். இழுவ வண்டிக்கு நான் ஹைட்ரோபூஸ்ட்டதான் சொல்வேன், இன்ஜின் நின்னு போனாலும் ரெண்டு மூணு அமுக்குக்கு ப்ரஷர சேத்து வைக்கிற அதோட அக்யுமுலேட்டர்ல ப்ரஷர் மிச்சம் இருக்கும்.

சிரிக்காதீங்க, இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன். முதன்முதலா மாத்தின வண்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டார்ட் ஆச்சு, சந்தோஷத்துல அப்படியே வெளிய எடுத்து சரிவுல இறக்கினேன், பெடல அமுக்குறேன் நகரல, ரெண்டு காலையும் வச்சு மிதிக்கிறேன் அப்பவும் வண்டி பாட்டுக்கு போகுது, கடைசியில ஹேண்ட் பிரேக்க இழுத்து மண் மேட்டுல மோதி நிறுத்தினேன். நல்ல வேளை பின்னாடி ட்ரெய்லர் இல்ல. அதுல இருந்து எந்த வண்டிய செஞ்சாலும் இன்ஜின இறக்குறதுக்கு முன்னாடி பிரேக்க முடிச்சிடுவேன்.

இப்போ இன்ஜின் பெருசு, அப்போ அஞ்சு டன் இழுக்கலாம்தானே?

கூடாது. எவ்வளவு இழுக்கலாம்னு சொல்றது இன்ஜின் மட்டும் இல்ல, சேசிஸ், ட்ரெய்லர மாட்டுற ஹிட்ச், பின் ஆக்சில், டயர், பிரேக் எல்லாம் சேர்ந்துதான், அதுல எது பலவீனமோ அதுதான் உங்க அளவு. கம்பெனி போட்ட அளவு இன்ஜின் மாறினதால மாறாது. சொல்லப்போனா இன்ஜின் எடை கூடினதால வண்டியில ஏத்துற பாரம் குறையத்தான் செய்யும். ட்ரெய்லர் எடையில பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் ஹிட்ச் மேல உக்காரும், அதையும் இந்த கணக்குல சேத்துக்கோங்க. ட்ரெய்லருக்கு சொந்த பிரேக் இருக்கணும், அது இல்லாம ரெண்டரை டன்ன மாட்டாதீங்க.

பழைய 12 வால்வு கம்மின்ஸ் ஒண்ணு வருது. என்னென்ன பாக்கணும்?

நீங்க போறதுக்கு முன்னாடி அவங்க ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா, டீ குடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டு ஆறின அப்புறம் போங்க. ஆறின இன்ஜின் எப்படி பிடிக்குதுங்குறதுலதான் பாதி ரகசியம் இருக்கு. ஓட விட்டு ஆயில் மூடிய கழட்டி ஆயில் ஊத்துற வாய் மேலயே தலகீழா வைங்க, லேசா ஆடினா பரவால்ல, தூக்கி எறிஞ்சுதுன்னா பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன தாண்டி காத்து கீழ கசியுது, விட்டுட்டு வந்துடுங்க. ரேடியேட்டர் தண்ணியில குமிழி வருதா, ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கா, டர்போ ஷாஃப்ட் ஆடுதான்னு பாருங்க. ஆயில் சம்ப் ஆழமான பக்கம் முன்னாடியா பின்னாடியான்னு அளந்துக்கோங்க, உங்க வண்டி ஆக்சிலுக்கு மேல வந்து முட்டினா அது தனி வேல.

வாங்கிட்டு வந்ததும் முன் கவர திறந்து டைமிங் கேஸ்ல இருக்குற அந்த சின்ன டவல் பின்ன பாருங்க. விரல் நுனி அளவுதான் இருக்கும், அதிர்வுல மெதுவா வெளிய வந்து கியருக்குள்ள விழுந்தா கேஸே உடையும், அதனாலதான் அதுக்கு கொலகார பின்னுன்னே பேரு. பக்கத்து போல்ட்டுக்கு அடியில ஒரு சின்ன தகடு வச்சு அது வெளிய வராம மறிச்சிட்டா முடிஞ்சது. இன்ஜின் வெளிய இருக்கும்போது அர நாள் வேல, வண்டிக்குள்ள இறக்கினப்புறம்னா ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் கழட்டணும்.

பழைய பெட்ரோல் டேங்க்லயே டீசல் ஊத்தலாமா? ஆர்பிஎம் மீட்டரும் வேல செய்யல.

டேங்க கழட்டி சுத்தமா கழுவி காய வச்சு ஊத்துங்க, துரு இருந்தா மாத்திடுங்க, இன்ஜெக்டர் தாங்காது. ரிட்டன் லைனுக்கு தனி பைப்பு வேணும், ஃபில்டர்ல தண்ணி பிரிக்கிற கிண்ணம் இருக்கட்டும். பேட்டரி ரெண்டு, கேபிள் தடிமனா. மீட்டர் இக்னிஷன் காயில்ல இருந்து சிக்னல் எடுத்துக்கிட்டு இருந்துச்சு, இப்போ காயிலே இல்லையே, ஆல்டர்னேட்டர் டபிள்யூ முனையில இருந்து எடுக்குற டீசல் மீட்டரா மாத்துங்க.

பம்ப்ல டீசல் ஸ்க்ரூவ கொஞ்சம் திறந்தேன், வண்டி பறக்குது, கருப்பு புகையும் வருது. ட்ரெய்லரோட மேட்டுல போனா ஏதாவது ஆகுமா?

ஆகும். கருப்பு புகைன்னா டீசலுக்கு ஏத்த காத்து இல்லைன்னு அர்த்தம், வெத்து வண்டியில பத்து செகண்டு அடிச்சா ஒண்ணும் தெரியாது, பாரத்தோட பத்து நிமிஷம் மேடு ஏறும்போது எக்ஸாஸ்ட் சூடு ஏறிக்கிட்டே போய் அலுமினிய பிஸ்டன் உருகிடும். டர்போவுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல சூட்ட காட்டுற ஒரு பைரோமீட்டர் போடுங்க, ரொம்ப நேரம் 700 டிகிரி செல்சியஸ தாண்ட விடாதீங்க, தாண்டுற மாதிரி இருந்தா ஒரு கியர் கீழ போட்டு கால எடுங்க.

இறக்கத்துக்கும் சேத்து சொல்லிடுறேன், நீங்க கேக்கல ஆனா கேக்க வேண்டியது. டீசல்ல த்ராட்டில் இல்லாததால கால எடுத்தா பெட்ரோல் மாதிரி இன்ஜின் பிடிச்சு நிறுத்தாது, ட்ரெய்லர் பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே வரும். எக்ஸாஸ்ட் வழிய அடைச்சு இன்ஜின பிடிச்சு நிறுத்துற எக்ஸாஸ்ட் பிரேக் போடுங்க, கூடவே எக்ஸாஸ்ட் வால்வு ஸ்ப்ரிங்க கடினமான 60 பவுண்டுக்கு மாத்துங்க, பழைய ஸ்ப்ரிங்கோட போட்டா பின்னாடி இருந்து வர்ற ப்ரஷர் வால்வ மூட விடாம தூக்கிடும். பம்ப்ல திறந்த அந்த டீசல் ஸ்க்ரூவ இன்னிக்கே பழைய இடத்துக்கு திருப்பி வைங்க, பைரோமீட்டர் வந்தப்புறம் கால்வாசி கால்வாசி திருப்பா திறந்து பாத்துக்கலாம்.