தாராளமாகப் போங்கள், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இது: பர்மிங்காம் வந்து எட்டு மாதம் ஆகிறது, கூட வேலை பார்க்கும் முன்னாள் ராணுவக்காரர் அக்டோபரில் நடக்கும் 'ரைடு டு த வால்' பைக் அஞ்சலிக்கு உங்களைக் கூப்பிடுகிறார். இந்த நாட்டுச் சிப்பாய்களுக்கான அஞ்சலியில் வெளியூர்க்காரன் போய் நிற்கலாமா? ஊர் லைசென்ஸ் போதுமா? கூட்டமாக ஓட்டிப் பழக்கமில்லையே?

போங்கள். நல்லதுக்கு அழைத்தால் போகணும், கெட்டதுக்கு அழைக்காமலே போகணும் என்று நம் ஊரில் சொல்வார்கள். உங்களை அழைத்தே இருக்கிறார்கள். நானும் இதே தயக்கத்தோடுதான் முதல் தடவை போனேன். அதற்குப் பிறகு ஐந்து முறை போய்விட்டேன், நீ ஏன் வந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போய்ச் சேரும் இடம் ஸ்டாஃபோர்ட்ஷயரில், ஆல்ரிவஸ் என்ற கிராமத்தின் பக்கத்தில் இருக்கும் தேசிய நினைவு மரத்தோட்டம். 150 ஏக்கர். அதில் ஒரு மண்மேட்டின் மேல் வட்டமாக வெள்ளைக் கல் சுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பணியில் உயிர்விட்ட 16,000க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். 2007இல் ராணி எலிசபெத் வந்து அர்ப்பணித்தார். அடுத்த ஆண்டே பைக்காரர்கள் இந்தப் பயணத்தைத் தொடங்கிவிட்டார்கள். அக்டோபர் முதல் சனிக்கிழமை, நாட்டின் பல மூலைகளிலிருந்து குழுக்குழுவாகக் கிளம்பி அங்கே வந்து கூடுவார்கள்.

என்னை உலுக்கியது பெயர்கள் இருந்த பக்கம் இல்லை, பெயர் இல்லாத பக்கம். இனி சாகப்போகிறவர்களுக்கு என்று வெறுங்கல்லாக விட்டிருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் செங்கம். எங்கள் பக்கம் வயலோரத்து நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவோம், அந்த வீரனின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு அம்மா ஒரு பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதைப் பார்த்த பிறகு யார் நாட்டுச் சிப்பாய் என்ற கேள்வி எனக்குள் வரவில்லை.

சரி, லைசென்ஸ். இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை இந்திய லைசென்ஸில் ஓட்டலாம், அதில் கியர் மோட்டார் சைக்கிள் பிரிவு இருக்க வேண்டும். அக்டோபரில் உங்களுக்குப் பத்து மாதம்தான் ஆகியிருக்கும் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் பன்னிரண்டு முடிந்ததும் வண்டியை எடுக்காதீர்கள். தற்காலிக லைசென்ஸ், சிபிடி என்ற அடிப்படைப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, இரண்டு கட்ட ஓட்டுத் தேர்வு என்று முதலிலிருந்து வர வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இந்திய லைசென்ஸ் என்பதை மறைக்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஐஎஸ்ஐ ஹெல்மெட்டை மட்டும் நம்பியும் போக வேண்டாம். இங்கே இசிஇ 22 என்ற பாதுகாப்புத் தர முத்திரை அல்லது பிரிட்டிஷ் தர முத்திரை வேண்டும். அக்டோபர் காலைக் குளிரில் விரல் மரத்துப்போனால் கிளட்சைப் பிடிக்க முடியாது, நல்ல கையுறை வாங்குங்கள்.

உங்களிடம் இருப்பது இன்டர்செப்டர் 650 என்று எழுதியிருந்தீர்கள். தாத்தாக்கள் சுற்றி வந்து பேசுவார்கள், தயாராக இருங்கள். ராயல் என்ஃபீல்டு பிறந்த ரெட்டிச் அங்கிருந்து அதிக தூரமில்லை. இப்போது நம் சென்னைப் பக்கத்தில் செய்து இங்கே வருகிறது என்று சொன்னால் பலருக்கு முகம் மலரும். டேங்க் 13.7 லிட்டர்தான், கிளம்பும் முன் நிரப்பிவிடுங்கள். நீங்கள் ஒருவர் பெட்ரோலுக்கு நின்றால் குழு முழுக்க நிற்க வேண்டிவரும்.

கூட்டமாக ஓட்டுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் வண்டி லேனின் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம் என்று குறுக்குமறுக்காகப் போவார்கள். உங்களுக்கு நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும், மழையென்றால் இரட்டிப்பு. வளைவில் ஒற்றை வரிசை. குழுவுக்குள் முந்தாதீர்கள். சிக்னல் சிவப்பாகிவிட்டால் நில்லுங்கள், விரட்டிப் பிடிக்க வேண்டாம். ஏனென்றால் பல குழுக்களில் ஒரு முறை உண்டு: திருப்பம் வரும்போது தலைவருக்கு அடுத்து வருபவர் ஓரமாக நின்று பின்னால் வருகிறவர்களுக்கு வழிகாட்டுவார். வரிசையின் கடைசி ஆள் வந்த பிறகுதான் அவர் நகர வேண்டும்.

முதல் வருடம் அந்தப் பொறுப்பு ஒரு ரவுண்டானாவில் என்னிடம் வந்தது. எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து நானும் கிளம்பிவிட்டேன். பின்னால் சிக்னலில் மாட்டிய ஏழு பேர் வேறு சாலையில் போய், மௌன அஞ்சலி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவர் மகனைப் பறிகொடுத்தவர். என்னைத் திட்டவில்லை, தோளில் தட்டிவிட்டுப் போனார். இன்றைக்கும் அது நெஞ்சில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: கடைசி ஆள் யார், என்ன நிற ஜாக்கெட் என்று கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள், உறும விடாதீர்கள். பியூகிள் ஒலித்ததும் தொப்பியைக் கழற்றி அசையாமல் நின்றால் போதும். போன் பைக்குள் இருக்கட்டும். இடது மார்பில் பதக்கம் இருந்தால் அவருடையது. வலது மார்பில் இருந்தால் இறந்த சொந்தக்காரருடையது, அவரிடம் எந்தப் போரில் வாங்கினீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் நண்பருக்கும் அந்தச் சுவரில் ஒரு பெயர் இருக்கலாம். நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர் கூப்பிட்டால் கூடப் போங்கள். கூப்பிடாவிட்டால் அவருடைய ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.