ஊசியைத் திருகினால் உள்ளே என்ன நடக்கிறது? அக்குபங்சரும் இயற்பியலும்: கேள்வி பதில்

கேள்வி: ஊசியைத் திருகும்போது உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. சீன மருத்துவத்தில் உடலில் ஓடும் உயிராற்றல் என்கிறார்களே, அந்த 'ச்சி' இதுதானா சார்?

பதில்: சீன மருத்துவர்கள் அதைத் 'தேச்சி' என்பார்கள், ச்சி வந்து சேர்ந்தது என்று பொருள். அந்த இழுப்பு கற்பனை இல்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்செவின் குழு, ஊசியை வெளியே இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 60 பேரிடம் அளந்து 2001-ல் வெளியிட்டது. ஒரே பக்கமாகத் திருகிய ஊசிக்கு, திருகாததைவிட 167 சதவீதம் கூடுதல் விசை தேவைப்பட்டது, ஏனென்றால் தோலுக்கு அடியில் இருக்கும் இணைப்புத் திசு, தக்களியில் நூல் சுற்றுவது போல ஊசியைச் சுற்றிக்கொள்கிறது. அப்புறம் எலித் திசுவில், அந்த இழுப்பால் சுற்றியுள்ள செல்கள் விரிந்து வடிவம் மாறுவதையும் பார்த்தார்கள். வெறும் விசை செல்லின் நடத்தையையே மாற்றுகிறது! இயற்பியலும் சீன மருத்துவமும் உண்மையாகச் சந்திக்கிற இடம் இதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியென்றால் எங்கே குத்தினாலும் ஒன்றுதானா?

பதில்: நல்ல கேள்வி. வெர்மான்ட் ஆய்வில் ஊசியை இழுக்கத் தேவைப்பட்ட விசையில் அக்குபங்சர் புள்ளிக்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசம் 18 சதவீதம்தான். ஜெர்மனியில் 1162 பேரின் கீழ்முதுகுவலியை வைத்து நடந்த சோதனையில் (2007) முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன், புள்ளி இல்லாத இடங்களில் மேலாகக் குத்தியதில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. ஆனால் 2021-ல் ஹார்வர்டின் சியூஃபு மா குழு எலிகளில் வேறொன்றைக் காட்டியது: பின்னங்காலில் 'சூசான்லி' புள்ளியில் மெல்லிய மின்சாரம் கொடுத்தால் மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக அழற்சி குறைகிறது, வயிற்றுப் புள்ளியில் கொடுத்தால் அது நடக்கவில்லை, காரணம் இந்த விளைவைத் தூண்டும் நரம்பு முனைகள் காலின் ஆழ்ந்த திசுவில் இருக்கின்றன, வயிற்றில் இல்லை. ஆகவே சில விளைவுகளுக்கு இடம் முக்கியம்.

கேள்வி: ச்சி என்பது குவாண்டம் ஆற்றல் என்று ஒரு வகுப்பில் மீட்டர் வைத்துக் காட்டினார்களே அண்ணா?

பதில்: அந்த மீட்டர் காட்டுவது தோலின் மின்தடை. வியர்வை, கருவியை அழுத்தும் அழுத்தம், எல்லாவற்றுக்கும் அது மாறும். தயவுசெய்து அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போகலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். முழங்கால் வலிக்கு மட்டும், மாத்திரையும் தொடர்ந்தபடி, முயன்று பார்க்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மருந்து சாப்பிடுகிறார் என்றால் ஊசி போடுமுன்பே சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் புது ஊசி உறையைப் பிரிக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.