வாடகை வீட்டுச் சுவரில் துணி ஒட்டினால், காலி செய்யும்போது பெயின்ட் உரியாமல் எடுக்க முடியுமா?

முடியும், பசை மாவுப் பசையாக இருந்தால். வால்பேப்பருக்குப் பதிலாக மெல்லிய பருத்தித் துணியைக் கார்ன்ஃப்ளோர் பசையால் சுவரில் ஒட்டும் முறை இது. மாவுப் பசை காய்ந்தால் இறுகும், நீர் பட்டால் மறுபடி இளகும். கஞ்சி போட்ட சட்டை விறைப்பாக நின்று, நனைத்ததும் துவள்வதைப் போலத்தான். மரவேலைப் பசை காய்ந்தபின் அவ்வளவு எளிதில் இளகாது. இழுத்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

கால் கப் மாவைக் கால் கப் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 2 கப் நீரில் ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியாகி ஓரளவு கண்ணாடி போல ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். மாவை நேரடியாகக் கொதிநீரில் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும்.

துணியை முதலில் துவைத்துவிடுங்கள். சாயம் போகும் துணி சுவரையும் கறையாக்கும். சுவரில் பசை தடவி, மேலிருந்து கீழாகத் துணியை நீவி ஒட்டி, அதன் மேலும் ஒரு பூச்சு கொடுங்கள். ஓரத்தை 3 செ.மீ. கூடுதலாக விட்டு, காய்ந்தபின் வெட்டுவது நல்லது, ஏனென்றால் பருத்தி சுருங்கலாம். கழற்றும்போது வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி, சில நிமிடம் கழித்து மூலையிலிருந்து உரியுங்கள்.

சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரும் ஓதம் ஏறிய சுவரும் இதற்கு ஆகாது.

பசை தடித்தால் பிடிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தடித்த பசை காயத் தாமதமாகி, துணிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்க இடம் கொடுக்கும்.