சமஸ்கிருதமும் திபெத்திய மொழியும் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண், பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க மாட்டேன், சமஸ்கிருதத்திலும் திபெத்திய மொழியிலும் உள்ள பௌத்த நூல்களை ஆராயப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் தூக்கம் போவது இயல்புதான். உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடக் கலக்கமே அதிகம் தெரிகிறது. சுற்றி வளைக்காமல் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்க விடுங்கள். ஆனால் 'பௌத்தவியல்' என்று பெயர் போட்ட பட்டப்படிப்பில் இப்போதே சேர்க்காதீர்கள். மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ, முதல் பட்டத்தை சமஸ்கிருதத்தில் பெறட்டும். இந்தத் துறையில் யார் நிலைக்கிறார்கள், யார் பாதியில் விலகுகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் மொழி அடித்தளம்தான் முடிவு செய்கிறது. உதவித்தொகையும் வேலையும் அதன் பின்னால்தான் வருகின்றன.

"செத்துப்போன மொழியில் ஏற்கெனவே எழுதிவைத்ததைத் திரும்பப் படிப்பதில் என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மகள் எதைப் பார்த்து ஈர்க்கப்பட்டாள் என்பது தெரிந்தால்தான் அவளோடு நீங்கள் பேச முடியும்.

பௌத்தத்தின் பெரும் பிரிவுகளில் ஒன்றான மகாயானத்தின் சூத்திரங்களும் தத்துவ நூல்களும் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் இயற்றப்பட்டவை. நாளந்தா போன்ற மடங்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் அழிந்தபோது அந்த நூல்களில் பெரும்பகுதி இந்தியாவில் மறைந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 8-ஆம் நூற்றாண்டிலிருந்து, இந்தியப் பண்டிதர்களும் திபெத்திய மொழிபெயர்ப்பாளர்களும் இணைந்து உட்கார்ந்து அவற்றைத் திபெத்திய மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசரின் ஆதரவோடு, எந்த சமஸ்கிருதச் சொல்லுக்கு எந்தத் திபெத்தியச் சொல் என்று ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியலே தயாரித்துக்கொண்டார்கள். அத்தனை கட்டுப்பாட்டோடு செய்ததால், திபெத்தியப் பெயர்ப்பை வைத்துக்கொண்டு மறைந்த மூலத்தின் சொற்களைப் பல இடங்களில் ஊகிக்க முடிகிறது. இந்த மொழிபெயர்ப்புகள் கங்யூர் (புத்தரின் வாக்காகக் கருதப்படுபவை), தெங்யூர் (உரைகளும் சாத்திர நூல்களும்) என்ற இரண்டு பெருந்தொகுப்புகளாக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து முந்நூறு தொகுதிகளுக்கும் மேல். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகம் 1934-இல் வெளியிட்ட அட்டவணையில் மட்டும் 4,500-க்கும் அதிகமான நூல்கள் எண் இடப்பட்டுள்ளன.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. எது சரியான அறிவு, எது சரியான வாதம் என்று ஆராயும் பௌத்த அளவையியலை நிலைநிறுத்திய திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நாளந்தாவின் தலைமை ஆசிரியராக இருந்த தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர் என்று சீனப் பயணி சுவான்சாங் எழுதியிருக்கிறார். திக்நாகர் எழுதிய 'ஆலம்பன பரீட்சை' என்ற சிறு நூலின் சமஸ்கிருத மூலம் கிடைக்கவில்லை. திபெத்தியப் பெயர்ப்பு இருக்கிறது. அதற்குத் தர்மபாலர் எழுதிய உரை சீன மொழியில் மட்டும் தங்கியது. 1942-இல் சென்னை அடையாறு நூலகம் அந்த மூலத்தையும் உரையையும் திரும்ப சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்து வெளியிட்டது. செய்தவர் ந. ஐயாசாமி சாஸ்திரி. காஞ்சியில் தொடங்கிய ஒரு சிந்தனை திபெத்துக்கும் சீனத்துக்கும் போய், அடையாறில் மீண்டும் எழுந்திருக்கிறது. உங்கள் மகளின் விருப்பத்தை விசித்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே மிக உயர்ந்த தரத்தில் நடந்த வேலை அது.

மறைந்ததாக நினைத்த மூலங்கள் திடீரென்று கிடைப்பதும் உண்டு. இந்தி எழுத்தாளரும் அறிஞருமான ராகுல் சாங்கிருத்யாயன் 1930-களில் திபெத்திய மடங்களில் தேடித் தேடி, திக்நாகரின் வழியில் வந்த தருக்க அறிஞர் தர்மகீர்த்தியின் நூல்கள் உள்ளிட்ட பனையோலைச் சுவடிகளைக் கண்டெடுத்தார். விமலகீர்த்தி என்ற இல்லறத்தாரைப் பற்றிய புகழ்பெற்ற சூத்திரத்தை அதுவரை திபெத்திய, சீனப் பெயர்ப்புகளில்தான் முழுதாகப் படிக்க முடிந்தது. 1999-இல் லாசாவின் பொதாலா அரண்மனையில் அதன் முழு சமஸ்கிருதச் சுவடியை ஜப்பானின் தைஷோ பல்கலைக்கழக அறிஞர்கள் கண்டார்கள். திக்நாகரின் பெரு நூலான 'பிரமாண சமுச்சய'த்துக்கு ஜினேந்திரபுத்தி எழுதிய உரையின் சமஸ்கிருதச் சுவடியும் திபெத்திலிருந்து கிடைத்தது. வியன்னாவிலும் பெய்ஜிங்கிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் இணைந்து அதன் முதல் அத்தியாயத்தை 2005-இல் பதிப்பித்தன. அந்த உரையிலிருந்து திக்நாகரின் சொற்களையே பெருமளவு மீட்டெடுக்க முடிகிறது. இப்படி ஒரு சுவடி கிடைத்தால் அதைப் படிக்க, பழைய எழுத்து வடிவம் தெரிந்த, இரண்டு மொழியும் கைவந்த ஆள் வேண்டும். உலகம் முழுவதும் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. நம் நாட்டில் இன்னும் குறைவு. எனக்கு வருத்தம் தருவது இதுதான். இந்தியர் எழுதிய நூலுக்கு, சுவடிகளை ஒப்பிட்டுச் செய்த செம்பதிப்பு வேண்டுமென்றால் வியன்னாவையும் ஹாம்பர்க்கையும் டோக்கியோவையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடிதத்தின் ஓரத்தில் உங்கள் மனைவியின் பெயரில் ஒரு வரி இருந்தது: "துறவியாகிவிடுவாளோ?" அம்மாவின் அச்சத்தைச் சிறிதாக நினைக்கவில்லை. இது சுவடியையும் இலக்கணத்தையும் தருக்கத்தையும் கையாளும் கல்வி. எல்லா மதத்தவரும் எந்த மதமும் இல்லாதவரும் இதில் இருக்கிறார்கள். குடும்பம் நடத்துகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். தீட்சை பெற வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகத் துறையும் கேட்பதில்லை.

இனி வழி. ஏன் சமஸ்கிருதத்தில் தொடங்கச் சொல்கிறேன்? பௌத்தவியல் முதுகலையில் சேரும் பலர் தத்துவம், வரலாறு, கலை எல்லாவற்றையும் மொழிபெயர்ப்புகள் வழியே படித்து முடிக்கிறார்கள். பட்டம் கையில் இருக்கும், மூல நூலில் ஒரு பக்கத்தைத் தனியாகப் படிக்க வராது. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது உறைக்கும், அப்போது வயது இருபத்து மூன்று, இருபத்து நான்கு ஆகியிருக்கும். பதினெட்டு வயதில் இலக்கணத்தில் உட்கார்ந்தவர்கள் அந்த வயதில் உரைநூல்களைப் படித்துக்கொண்டிருப்பார்கள். சென்னையில் 1906 முதல் இயங்கும் மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரி இருக்கிறது. திருப்பதியில் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் 2020 முதல் மத்தியப் பல்கலைக்கழகமாக நடக்கிறது. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சமஸ்கிருதத் துறையும் உண்டு. டெல்லிக்கு அனுப்பத் தயார் என்றால், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் இந்த ஆண்டு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். அதற்காக ஓர் ஆண்டை வீணாக்க வேண்டியதில்லை.

திபெத்திய மொழி இரண்டாம் ஆண்டில் வரட்டும். முப்பது மெய்யெழுத்துகள், நான்கு உயிர்க்குறிகள். எழுத்து வடிவமே இந்தியாவிலிருந்து போனதுதான் என்பதால் தேவநாகரி தெரிந்தவருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். எழுதுவதற்கும் ஒலிப்பதற்கும் உள்ள இடைவெளிதான் தொடக்கத்தில் மிரட்டும். நூல்களைப் படிப்பதற்கு அது பெரிய தடையில்லை. முதுகலைக்குப் போகும்போது சாரநாத்தில் உள்ள மத்திய உயர் திபெத்தியக் கல்வி நிறுவனத்தை மனத்தில் வையுங்கள். நேருவும் தலாய் லாமாவும் கலந்து பேசியதில் பிறந்த எண்ணம் அது, 1967-இல் தொடங்கியது. திபெத்தியப் பெயர்ப்பிலிருந்து சமஸ்கிருத மூலத்தை மீட்கும் துறையே அங்கு தனியாக இருக்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் திபெத்தியர், இமயமலைப் பகுதியினர். அதனால் சேர்க்கை விதிகளை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பௌத்தவியல் துறை 1957-இலிருந்து இருக்கிறது. சாந்திநிகேதனில் இந்திய-திபெத்தியவியல் துறை உண்டு. பிகாரில் நவ நாளந்தா மகாவிகாரம் வேறு, ராஜ்கீரில் உள்ள நாளந்தா பல்கலைக்கழகம் வேறு. பெயரைப் பார்த்து மாற்றி விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். காட்மாண்டுவில் ரங்ஜுங் யேஷே நிறுவனத்தில் திபெத்திய ஆசிரியர்களிடமே மூல நூல்களைப் படிக்கலாம். கோடை விடுமுறையில் தரம்சாலாவில் 1970-இல் தொடங்கிய திபெத்திய நூலகத்தின் மொழி வகுப்புகளுக்குப் போகலாம். இவற்றில் எதையும் இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி உங்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறேன். முப்பது வயதுவரை நிலையான சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். முதுகலைக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000 ரூபாய், வாடகைப்படி தனி. சமஸ்கிருதத் தாளிலும் எழுதலாம், பௌத்த, சமண, காந்திய, அமைதி ஆய்வுகள் என்ற தாளிலும் எழுதலாம். வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. நிரந்தர உதவிப் பேராசிரியர் பணிக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆனால் அந்த இடங்கள் குறைவு, விளம்பரம் வருவதற்கு ஆண்டுகள் ஆகும், இடையில் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில் காத்திருக்க நேரலாம். உங்கள் குடும்பத்தில் வீட்டுக்கடனோ தம்பியின் படிப்போ மகளின் சம்பாத்தியத்தை நம்பி இருக்குமானால், அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்து எடுக்கும் முடிவு அவளுக்கும் பலம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நிலத்தை விற்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்களில் இத்துறையின் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டண விலக்கோடு உதவித்தொகையும் தருகிறார்கள். அது இல்லாமல் இடம் கொடுத்தால் போக வேண்டாம். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் மாணவர் விசாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 12,000 யூரோ வங்கியில் காட்ட வேண்டும். ஜெர்மனி வழங்கும் டாட் (DAAD) உதவித்தொகை கிடைத்தால் அந்தச் சுமை இல்லை. இந்த இடங்களுக்கெல்லாம் போட்டியிடுபவர் எவ்வளவு சமஸ்கிருதம், எவ்வளவு திபெத்தியம் படித்தார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஜெர்மன் மொழியையும் கல்லூரிக் காலத்திலேயே மெல்லத் தொடங்கினால் நல்லது, முக்கியமான ஆய்வுகள் பல அந்த மொழியில் இருக்கின்றன.

பேராசிரியர் பணிக்கு வெளியேயும் வேலை உண்டு. கங்யூர், தெங்யூர் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவரும் '84000' என்ற திட்டம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஊதியம் கொடுக்கிறது. கங்யூருக்கு 25 ஆண்டு, மொத்தத்துக்கும் 100 ஆண்டு என்று இலக்கு வைத்துத் தொடங்கியவர்கள். ஒரு தலைமுறையில் முடிகிற வேலையில்லை. சுவடி அட்டவணை, மின்னூலகம், அருங்காட்சியகம், பதிப்பகம் என்று பிற இடங்களும் இருக்கின்றன. 2025 மத்திய பட்ஜெட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்த ஞான பாரதம் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தச் சுவடிகளைப் படித்து விவரம் எழுத யாராவது வேண்டும் அல்லவா? இவை எல்லாம் கைகூடாமல் போனாலும் சமஸ்கிருதப் பட்டம் தனியாக நிற்கும். பி.எட். முடித்தால் கேந்திரிய வித்யாலயாக்களில் சமஸ்கிருத ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். குடிமைப்பணித் தேர்வில் சமஸ்கிருத இலக்கியம் விருப்பப் பாடமாக இருக்கிறது. மொழிப் பட்டத்தை வலியுறுத்த எனக்கு இதுவும் ஒரு காரணம்.

இயந்திரம் மொழிபெயர்த்துவிடாதா என்று உங்கள் மகன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான தர்மமித்ரா போன்ற கருவிகள் திபெத்திய, சமஸ்கிருத வரிகளுக்கு நொடியில் ஒரு பொருளைத் தருகின்றன. தருக்க நூலில் ஒரு வேற்றுமை உருபு மாறினால் பூர்வபட்சம் (எதிர்த்தரப்பின் வாதம்) சித்தாந்தமாகிவிடும் (ஆசிரியரின் சொந்த முடிவாகிவிடும்). அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க மூலம் தெரிந்தவர்தான் வேண்டும். அரைகுறையாகப் படித்தவர்களுக்கு இந்தக் கருவிகளால் வேலை போகும் என்பது உண்மை. நன்றாகப் படித்தவர்களின் வேகம் கூடும்.

கல்லூரி திறக்கும் வரை உள்ள வாரங்களை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மணி நேரம் சமஸ்கிருத இலக்கணம், பெயர்ச்சொல் வாய்பாடுகளை மனப்பாடம் செய்வதும் இதில் அடக்கம். அதோடு மணிமேகலையின் 29-ஆம் காதையை உரையோடு படிக்கச் சொல்லுங்கள். காஞ்சியில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்கு அளவை இலக்கணம் சொல்லும் பகுதி அது. 'நியாயப் பிரவேசம்' என்ற சமஸ்கிருத பௌத்தத் தருக்க நூலோடு அது மிக நெருங்கிப் போகிறது. தாய்மொழியிலேயே அந்தத் தருக்கத்துக்குள் நுழையும் வசதி வியன்னா மாணவருக்குக் கிடையாது. படித்துவிட்டு, பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (அதற்கான காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கட்டும். தியானத்தின் அமைதியையும் பனிமலைப் படங்களையும் பார்த்து வந்த ஆசை என்றால் வாய்பாட்டின் பத்தாம் நாளில் சலித்துவிடும், அதில் தவறும் இல்லை. அப்போது வரலாறோ தத்துவமோ பார்க்கலாம். சலிக்காமல் உங்களைப் பிடித்து உட்காரவைத்துத் திட்டாந்தப் போலியை, அதாவது பிழையான எடுத்துக்காட்டை, விளக்கினால், கட்டணம் கட்டத் தயாராகுங்கள்.

கட்டுவதற்கு முன் நீங்களும் அவளும் துறைத் தலைவரை நேரில் பார்த்து, பள்ளியில் சமஸ்கிருதம் படிக்காதவளைச் சேர்த்துக்கொள்வார்களா, இலக்கணம் எத்தனை பருவங்களுக்கு உண்டு, மூல நூலை ஆசிரியர் வரி வரியாக வகுப்பில் படித்துக் காட்டுவாரா அல்லது குறிப்பு கொடுத்து முடிப்பாரா என்று கேளுங்கள். பதில்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். மயிலாப்பூர், திருப்பதி இரண்டின் பாடத்திட்டத்தையும் இணைத்து அனுப்பினால், எதில் சேர்ப்பது என்று அந்த வாரமே சொல்கிறேன்.