பாத்திரக்கடையைப் புதுப்பிக்கிறீர்களா? ஆசிட் பாட்டிலைக் கடைக்குள் விடாதீர்கள்

கேள்வி: திருமங்கலத்தில் அப்பா காலத்துப் பாத்திரக்கடை எங்களுடையது. 12க்கு 30 அடி, வாடகைக் கட்டடம். ரேக் எல்லாம் துருப்பிடித்துவிட்டது, தரை பெயர்ந்து கிடக்கிறது. கல்யாணச் சீருக்கு நம் ஊர்க்காரர்களே மதுரைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். கையில் நான்கு லட்சம் இருக்கிறது. இன்டீரியர் செய்பவர் கண்ணாடி முகப்பு, ஏசி, ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்கிறார். எங்கே தொடங்குவது? கடையை மூடாமல் வேலையை முடிக்க முடியுமா?

பதில்: அந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். உங்கள் நான்கு லட்சத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும், ஒரு குண்டான்கூடக் கூடுதலாக விற்காது. பாத்திரக்கடைக்கு உயரம்தான் சொத்து. வாளியும் தூக்குச்சட்டியும் கொத்துக் கொத்தாகத் தொங்க வேண்டிய இடத்தை ஃபால்ஸ் சீலிங் தின்றுவிடும். கண்ணாடிக் கதவு இன்னும் மோசம். கள்ளிக்குடியிலிருந்தோ பேரையூர்ப் பக்கமிருந்தோ சீர் வாங்க வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. அத்தை, சித்தப்பா, கைப்பிள்ளை என்று ஒரு கூட்டமாக வருவார்கள். மூடிய கண்ணாடியையும் பளபளக்கும் தரையையும் பார்த்தால், “செருப்பைக் கழட்டிட்டு வரணுமாண்ணே?” என்று வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். அந்தத் தயக்கம் விலை கேட்கும்போதும் போகாது. ஷட்டரை முழுக்கத் தூக்கிய திறந்த முகப்பே இருக்கட்டும்.

வாடகைக் கட்டடம் என்பதை மறக்காதீர்கள். நாளைக்கு இடம் மாறினால் கழற்றி எடுத்துப்போக முடிந்தவற்றில் மட்டும் பெரிய பணத்தைப் போடுங்கள். சிமென்ட் ஸ்லாப் தட்டு, சுவரோடு கட்டிய அலமாரி எல்லாம் வேண்டாம். சுவர், தரை எதைத் தொட்டாலும் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டுச் சுத்தியலைத் தூக்குங்கள்.

இனி, பலர் கோட்டைவிடும் விஷயம். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமென்ட் கறை போகக் கொத்தனார் ஆசிட் ஊற்றிக் கழுவுவார். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவியில் இருக்கும் குளோரைடு, எவர்சில்வரின் மேலுள்ள குரோமியக் காப்புப் படலத்தைக் குத்திக் கிழிக்கும். கடைக்குள் சரக்கு இருக்கும்போது அதைச் செய்தால், சில நாட்களில் தட்டு, டம்ளர் விளிம்பெல்லாம் காப்பிப்பொடி தூவியதுபோலத் துருப்புள்ளிகள் எழும்பும். நிக்கல் குறைந்த 202 ரகச் சாமான்கள் முதலில் பாழாகும். நிக்கல் கூடிய 304 ரகம் கொஞ்சம் தாங்கும், ஆனால் அதுவும் தப்பிக்காது. பித்தளையும் செம்பும் பச்சையாகவும் கறுப்பாகவும் போகும். வாங்குகிறவர் அதைப் பார்த்து “இரும்பு கலந்த எவர்சில்வர்” என்று முடிவு கட்டிவிடுவார். பாலித்தீன் போட்டு மூடினாலும் பயனில்லை, இடுக்கு வழியே ஆவி புகும். ‘கடைக்குள் ஆசிட் கூடாது, சிமென்ட் ஈரம் காயுமுன்பே பஞ்சால் துடைத்துவிட வேண்டும்’ என்று கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். மீறிக் கறை நின்றால் பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டி எடுக்கலாம்.

சிமென்ட் தூசியும் சும்மா இல்லை. அது காரத்தன்மை உள்ளது. ஈரத்தோடு சேர்ந்து அலுமினியச் சட்டியில் படிந்தால் வெள்ளைத் திட்டு விழும், தேய்த்தாலும் போகாது. எனவே தரையை உடைக்கும் முன் அலுமினியத்தை முதலில் வெளியேற்றுங்கள்.

தரைக்கு என்ன போடுவது? குக்கரும் இட்லிக் கொப்பரையும் கைதவறி விழும் கடை இது. வழவழப்பான விட்ரிஃபைட் டைல் ஓரம் பெயர்ந்து ஒரு வருடத்தில் அசிங்கமாகும். பாலிஷ் போடாத கடப்பாக்கல் போதும். சொரசொரப்பாக இருக்கும், விழுந்த அடியும் அதன் கறுப்பில் அவ்வளவாகத் தெரியாது.

ரேக்குக்கு பவுடர் கோட்டிங் செய்த ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையாகத் துளை போட்ட, கழற்றி மாட்டக்கூடிய இரும்புச் சட்டம்) வாங்குங்கள். ஒன்றரை அடி ஆழத்தில் இரண்டு சுவரோரமும் போட்டால் நடுவில் ஒன்பது அடி மிஞ்சும். அங்கேயும் ஒரு ரேக் நிறுத்தச் சொல்வார்கள். மூன்றடியில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் மூன்றடிச் சந்துதான். இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு அதில் எதிரும் புதிருமாக வர முடியாது. நடுவில் இடுப்புயர மேசை போதும், அதுவும் முன்பாதியில் மட்டும். கனமான பித்தளை கீழே, பிளாஸ்டிக் மேலே. ஒவ்வொரு ரேக்கையும் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். மதிய வெயில் நேராக அடிக்கும் முகப்பாக இருந்தால் பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளுங்கள், சாயம் வெளுத்துவிடும்.

மின்சாரத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இரும்பு ரேக் முழுக்க உலோகப் பாத்திரம் அடுக்கியிருக்கிறது. பின்னால் ஒரு வயர் நசுங்கினால் ரேக் மொத்தமும் கரன்ட் பாயும், கரண்டியைத் தொட்டவருக்கும் அடிக்கும். ரேக் ஒவ்வொன்றையும் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். அது இல்லாமல் மறு திறப்பு வைக்காதீர்கள்.

விளக்கு விஷயத்தில் பாத்திரக்கடைக்காரர்கள் ஜவுளிக்கடையைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள். எவர்சில்வர் கண்ணாடி மாதிரி. ஸ்பாட் லைட் அடித்தால் பாத்திரம் தெரியாது, பல்புதான் தெரியும். பால்வெள்ளை மூடி போட்ட எல்இடி பேனல், 4000 கெல்வின் அளவில் (அதிக மஞ்சளும் நீலமும் இல்லாத வெள்ளை) போடுங்கள். வெள்ளையடித்த கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் விளிம்பும் பாலிஷும் நன்றாகத் தெரியும். குத்துவிளக்கும் தாம்பாளமும் இருக்கும் தட்டுக்கு மட்டும் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். பித்தளை அதில்தான் பித்தளையாகத் தெரியும்.

மதுரைக்குப் போகும் கூட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சரக்கில் விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளோடு போட்டி போட முடியாது. வாசலில் நடப்பதில் போட்டி போடலாம். பெயர் வெட்டும் மேசையை மூலையிலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். அதற்கென்று ஒரு பிளக், குனிந்த விளக்கு, பக்கத்தில் நாலு ஸ்டூல். ‘தாய்மாமன் சீர்’ என்று அண்டாவின் கழுத்தில் மெஷின் கிர்ரென்று ஓடி எழுத்து விழுவதை மொத்தக் குடும்பமும் நின்று பார்க்கும். பார்த்துக்கொண்டே இன்னும் ரெண்டு தட்டைக் கையில் எடுக்கும். எந்த ஆன்லைன் கடையும் இதைத் தராது. தராசும் முன்னாலேயே இருக்கட்டும், எண் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடாந்திர முத்திரை தேதி முடிந்திருந்தால் திறப்பதற்குள் போட்டுவிடுங்கள்.

பழைய சரக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுபடியில் தள்ள வேண்டாம். பத்து வருடமாகக் கிடக்கும் பித்தளைத் தவலைக்கு அன்று வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள், இன்றைய உலோக விலையைப் பாருங்கள். லாபத்தில் இருக்கலாம். உண்மையில் செத்த சரக்கு மங்கிய பிளாஸ்டிக்கும் அட்டைப்பெட்டி கிழிந்த நான்ஸ்டிக்கும்தான். வேலை தொடங்குமுன் அவற்றைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டால் இடமும் மிஞ்சும்.

கடையை மூடத் தேவையில்லை. பின்பாதி பதினைந்து அடியை முதலில் முடித்து, சரக்கை அங்கே நகர்த்திவிட்டு முன்பாதியைத் தொடுங்கள். இடையில் கனத்த தார்ப்பாய், தரைவரை இறங்கட்டும். தரை உடைக்கும் ஓரிரு நாள் மட்டும் ஷட்டரை இறக்கிக்கொள்ளலாம். காலம் என்றால் ஆடிதான், முகூர்த்தம் இல்லை. ஆடியில் புது வேலை தொடங்குவதா என்று வீட்டில் பெரியவர்கள் இழுப்பார்கள். ஆனி கடைசியில் பூஜை போட்டு ஒரு சுவரையாவது சுரண்டி வைத்துவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன் கடை தயாராகிவிட வேண்டும். ஐப்பசிக்குத் தள்ளினால் மழையில் பூச்சும் பெயின்டும் காயாது, தீபாவளி வியாபாரமும் போகும்.

பெயர்ப்பலகையை மாற்றினால் தமிழ் முதலில், பெரிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பதுதான் விகிதம். பணம் போதாவிட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை பிணையில்லாமல் கேட்கலாம். ஆனால் அந்தக் கடனைச் சுவருக்குச் செலவழிக்காமல் சரக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லைப் பிரித்து வாங்குங்கள். சாதாரண ஜிஎஸ்டியில் இருந்தால் ரேக், விளக்கு, தராசு, கம்ப்யூட்டருக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கலாம். கட்டடத்தோடு சேரும் கொத்து வேலையை மூலதனச் செலவாகக் காட்டினால் எடுக்க முடியாது. எல்லாவற்றையும் ‘கடை வேலை’ என்று ஒரே பில்லில் எழுதிக் கொடுத்தால் ரேக்குக்கான வரியும் அதோடு சிக்கிக்கொள்ளும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருந்தால் எதற்குமே கிடையாது, அப்போது விலை பேசும்போதே வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.