வாசகர் கேள்வி பதில்: முதலாளி தந்த பாந்தோல் போத்தல்

கேள்வி: நான் பாரிசில ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில வேலை செய்யுறன். முதலாளி கடையை வித்துட்டுப் போகேக்க எனக்கொரு சிவப்பு வைன் போத்தல் தந்தவர். பாந்தோல், தொமேன் தாம்பியே, 2019 எண்டு போட்டிருக்கு. "இப்ப உடைக்காத, பத்து வருசம் வை" எண்டு சொன்னவர். பழுதாப் போகாதோ? (ஒரு வாசகர், பாரிஸ்)

பதில்: ஆகாதுங்க, ஒழுங்கா வச்சா நல்லாவே ஆகும். ஆனா இத எல்லா வைனுக்கும் சேத்து எடுத்துக்காதீங்க, கடையில விக்கிறதுல பெரும்பாலானது வாங்கின ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடிச்சு முடிக்கிற சரக்குதான், அதுக்கு மேல வச்சா பழ வாசனை போயி சப்புன்னு ஆயிடும். பாந்தோல் கதை வேற. தெற்கு ஃபிரான்ஸ்ல தூலோன் பக்கம், கடலப் பாத்த மலைச்சரிவு, கல்லு அடுக்கிக் கட்டின படிக்கட்டு வயல், அங்க மூர்வேத்ர்னு ஒரு கருப்பு திராட்சை. தோல் தடிமன், லேட்டா பழுக்கும், வெயில் நிறைய கேக்கும். அந்தத் தோல்ல இருந்து இறங்குற டானின்தான் துவர்ப்பு, இளசுல குடிச்சா பச்சைப் பாக்கு கடிச்ச மாதிரி நாக்கு இழுத்துக்கும். ஆனா அந்தத் துவர்ப்புதான் வைனுக்குக் காவலும். கார்க் வழியா துளித்துளியா வர ஆக்சிஜன இது வாங்கிக்கும், வருஷக்கணக்குல டானின் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகி கொஞ்சம் வண்டலா அடியில படியும், மிச்சம் இருக்குற வைன் வழவழன்னு ஆகும், கருப்பா இருந்த கலர் செங்கல் சிவப்பாகும், பழ வாசனை பின்னால போயி பதனிட்ட தோல், காளான், ஈர மண்ணு வாசனை முன்னால வரும். நடுவுல சில வருஷம் வாசனையே காட்டாம மூடிக்கிற காலமும் வரும், அப்ப திறந்தா "இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு தோணும். 2029-க்கு முன்னாடி தொடாதீங்க, அதுக்கப்புறமும் அவசரமே இல்ல.

கேள்வி: சின்ன குடும்பத் தோட்டம்னாலே எல்லாரும் ஓவரா பில்டப் குடுக்கறாங்களே, அப்படி என்ன இருக்கு? (கோயம்புத்தூர்)

பதில்: பில்டப் பாதி உண்மைதான், சின்னதுங்கிறதுக்காக நல்லா இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, மட்டமா வைன் போடுற குடும்பங்களும் ஏராளம். ஆனா மேல சொன்ன பாந்தோல் போத்தல் வந்த தொமேன் தாம்பியே தோட்டத்து விஷயத்துல குடும்பம்தான் கதையே. 19ஆம் நூற்றாண்டுல ஃபில்லோக்ஸெரான்னு ஒரு பூச்சி வேரத் தின்னு ஃபிரான்ஸ் தோட்டத்தையெல்லாம் அழிச்சுது, திரும்ப நடும்போது பாந்தோல்காரங்க மூர்வேத்ர விட்டுட்டாங்க, விளைச்சல் கம்மி, ஒட்டுக் கட்டவும் சிரமம், கொடி கொடியா காய்க்கிற ரகம் இருக்கும்போது யாரு இத நடுவா? 1936-ல லூசியென் பேரோ, அந்தக் குடும்பத்துப் பொண்ணு லூலூ தாம்பியேவ கல்யாணம் பண்ணாரு. பூச்சி வரதுக்கு முன்னாடி காலத்து வைன் ஒண்ண மாமனார் குடுக்க, குடிச்சுட்டு மனுஷன் ஆடிப்போய் மூர்வேத்ர் நட ஆரம்பிச்சவரு, தான் நட்டதோட நிக்காம அக்கம்பக்கத்துக்காரங்களையும் நச்சரிச்சு வழிக்குக் கொண்டு வந்தாரு. 1941-ல பாந்தோலுக்குத் தனி அப்பெலாசியோன், அதாவது ஊர் பேர லேபிள்ல போட்டுக்க சட்டம் குடுக்குற உரிமை, கிடைச்சுது. இப்ப சட்டமே என்னன்னா, சிவப்பு பாந்தோல்ல பாதிக்குக் குறையாம மூர்வேத்ர் இருக்கணும், மரத்தொட்டியில 18 மாசமாவது கிடக்கணும். யோசிச்சுப் பாருங்க, 18 மாசம் காசு உள்ள முடங்கிக் கிடக்கும், கொடியும் கம்மியா காய்க்கும், கணக்கு மட்டும் பாக்குற கம்பெனி ஆரம்பிச்சிருக்குமா இத? லூலூ அம்மா 2020-ல, 102 வயசுல போய்ச் சேந்தாங்க, பாந்தோல் திரும்ப எழுந்தத கண்ணால பாத்துட்டு.

கேள்வி: ஃபிரான்ஸ் போன ஃப்ரெண்டு வாங்கிட்டு வந்த ரெட் வைன் பீரோல நிக்குது. 5 வருஷம் வச்சா விலை ஏறுமா சார்? (சென்னை)

பதில்: ஏறாது. நம்ம ஊரு மே மாச சூட்டுல ரூம்ல நிக்கிற வைன் வெந்துதான் போகும், கார்க் காஞ்சு காத்தும் உள்ள போகும். அந்த ஃப்ரெண்டயே கூப்பிட்டு இந்த வாரமே முடிச்சிடுங்க.

கேள்வி: என்ர வீட்டில நிலவறை இல்ல, போத்தல எங்க வைக்கிறது? திறக்கிற நாளைக்கு என்ன சமைக்கலாம்? (அதே பாரிஸ் வாசகர்)

பதில்: 12, 13 டிகிரி இருந்தா அருமை, அது இல்லாட்டி சூடு ஏறி இறங்காத இருட்டு மூலை போதும், ஹீட்டர் பக்கமும் அடுப்புக்கு மேல இருக்குற கபோர்டும் மட்டும் வேண்டாம். கார்க் நனைஞ்சே இருக்கணும், அதனால படுக்க வைங்க. உங்க அப்பார்ட்மெண்ட் கட்டடத்துக்கு அடியில காவ்னு சொல்ற நிலவறை இருந்தா இன்னும் நல்லது, பூட்டு மட்டும் நல்லதா போடுங்க! திறக்கிறதுக்கு முந்தின நாள் நிமித்தி வச்சிடுங்க, வண்டல் இறங்கிடும், அப்புறம் மெதுவா ஒரு ஜாடியில ஊத்தி, கழுத்துக்கிட்ட கலங்கல் வந்ததும் நிறுத்திடுங்க. சாப்பாடு ஆட்டிறைச்சிதான், வேற யோசிக்கவே வேண்டாம். உங்க யாழ்ப்பாணக் கறித்தூள அள்ளிப் போட்டா மட்டும் உறைப்புல துவர்ப்பு இன்னும் முரடாத் தெரியும், அன்னைக்கு ஒரு நாள் பூண்டும் தைம் இலையும் போட்டு ஓவன்ல வாட்டுங்க, கறிய மறுநாள் வச்சுக்கலாம்.