போனைப் பார்த்துச் சிரித்தால் எச்சில் வடிவது நிற்குமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம். வாய் திறந்தே இருக்கிறது, எச்சில் வடிந்து சட்டைக் கழுத்து காய்வதே இல்லை. முகத் தசைப் பயிற்சி என்றாலே முரண்டு பிடிக்கிறான். சிரித்தால் கார் ஓடுகிற மாதிரி போன் விளையாட்டுகள் இருக்கிறதாமே, பலன் தருமா? (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: தரும். ஆனால் எதற்குத் தரும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

இந்த விளையாட்டுகளில் உதட்டோரம், தாடை, புருவம் எப்படி அசைகின்றன என்பதை கேமரா கவனித்துக்கொண்டே இருக்கும். அந்த அசைவுதான் காரை ஓட்டுகிறது. 'உதட்டைக் குவிடா' என்று பத்து தடவை சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் அலுத்துப்போகும். கார் ஓடுமென்றால் அவனே செய்வான். தன் முகம் அசைந்ததா என்பதும் அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிடும்.

அதற்காக, சிரிக்கப் பழகினால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச்சு பேசிப் பழகித்தான் வரும், மெல்லுவது மென்றுதான் வரும். எச்சிலும் பெரும்பாலும் அதிகம் சுரப்பதால் வடிவதில்லை. உதடு மூடாமல், வாயில் சேர்வதை அடிக்கடி விழுங்காமல் இருப்பதால்தான் வடிகிறது. எனவே உங்கள் பையனுக்கு வாயை அகலத் திறக்கிற விளையாட்டு வேண்டாம். உதட்டை மூடுவதும் குவிப்பதும் உள்ளதாகப் பாருங்கள்.

உட்காரும் விதம் விளையாட்டைவிட முக்கியம். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்கட்டும், பாதத்துக்கு அடியில் பலகை வையுங்கள், திரை கண் மட்டத்தில் இருக்கட்டும். தலை தொங்கினால் உதடு மூடாது, கேமராவுக்கும் முகம் பிடிபடாது. ஜன்னல் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் முகம் இருட்டாகத்தான் தெரியும். அப்புறம், விளையாடும்போது கைகளைக் கவனியுங்கள். சிரிக்க முயலும்போது விரல்கள் இறுகி, உடம்பே விறைத்தால் விளையாட்டின் அந்தக் கட்டம் அவனுக்குக் கடினம். சின்ன அசைவுக்கே கார் ஓடும்படி அமைப்பை மாற்றுங்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். வலிப்பு வருகிற பிள்ளை என்றால், பளிச்சிடும் திரை வேண்டாம்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம், உதட்டுக்கு நிஜமான வேலை அங்கேதான். பல வீடுகளில் அவசரத்தில் கரண்டியை உள்ளே விட்டு, மேல் பல்லில் வழித்துவிட்டு எடுக்கிறோம். பிள்ளையின் மேலுதட்டுக்கு வேலையே இல்லாமல் போகிறது. குழி அதிகமில்லாத சின்னக் கரண்டியில் குழைந்த தயிர் சாதம் கொஞ்சம் எடுத்து, நேராக உள்ளே கொண்டுபோய், நாக்கின் மேல் லேசாக அழுத்தி வைத்துக் காத்திருங்கள். மேலுதடு மெல்ல இறங்கிக் கரண்டியைத் தொடும். அதற்குப் பிறகு நேராக வெளியே எடுங்கள். அவன் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். முதலில் பொறுமை சோதிக்கும், ஆனால் விளையாட்டில் பழகிய உதடு அன்றாடத்துக்கு வருவது இப்படித்தான். கண்ணாடி முன் சேர்ந்து உட்கார்ந்து முத்தம் பதிக்கிற விளையாட்டும் நல்லது. பலூன் ஊதச் சொல்லாதீர்கள், தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு.

தண்ணீர் குடித்தால் இருமல், சாப்பிட்டபின் குரலில் கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி இவற்றில் ஏதாவது இருந்தால் விளையாட்டெல்லாம் பிறகு. முதலில் விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கிற ஆரம்ப இடையீட்டு மையத்தை (DEIC) கேளுங்கள். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் மூளை முடக்குவாதமும் அடங்கும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் உண்டு. இன்னும் சேரவில்லை என்றால் சேர்ந்துவிடுங்கள்.

மருத்துவமனைக்குப் போகுமுன் அவன் வீட்டில் சாப்பிடுவதை ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டிலிருந்து, கழுத்தும் தெரியும்படி. புது இடத்தில் அவன் வாயே திறக்காமல் போகலாம். அப்போது தெரபிஸ்டுக்கு அந்த வீடியோ உதவும்.